மூச்சு: ஓய்விலும் உழைப்பிலும்

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு உயிரியல் கற்பித்த நாளில், ஆண்டுதோறும் முதல் வகுப்பில் ஒரு வினாவை எழுப்புவது நமது வழக்கம். காற்று உட்புகுவதால் மார்பு விரிகிறதா, மார்பு விரிவதால் காற்று உட்புகுகிறதா? பெரும்பாலோர் முன்னதையே கூறுவர். பலூன் ஊதிப் பழகியதன் விளைவு அது. கண்ணாடி மணிச்சாடியினுள் இரு பலூன்களைப் பொருத்தி, அடியிலுள்ள ரப்பர்த் தாளைக் கீழே இழுத்துக் காட்டிய பின்னரே பின்னதை ஏற்பர்.

நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடைபோல் கவிந்துள்ள உதரவிதானம் என்னும் தசை சுருங்கித் தாழ்கிறது; விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் விலாக்கூட்டை உயர்த்துகின்றன. மார்பறை விரிய, அதனுள் அழுத்தம் சற்றே குறைகிறது, காற்று புகுகிறது. ஓய்வில் இக்குறைவு பாதரச அளவையில் ஏறக்குறைய 1 மில்லி மீட்டரே. மூச்சை வெளிவிடவோ அப்போது உழைப்பே வேண்டுவதில்லை. தசைகள் தளர்ந்தால் போதும். இழுத்த ரப்பர் மீள்வதுபோல் நுரையீரல் தானே சுருங்கும்.

வளர்ந்தவர் ஒருவர் ஓய்வில் நிமிடத்திற்கு 12 முறை, முறைக்கு 500 மில்லி லிட்டர் வீதம் மூச்சிழுப்பதாகக் கொள்வோம். மொத்தம் 6 லிட்டர். ஆயினும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழல்களிலுமே தங்கிவிடும். குருதியோடு வாயு மாற்றம் நிகழும் நுண்ணறைகளை அடைவது 350 மட்டுமே. 12ஆல் பெருக்க, 4,200. இனி அதே 6 லிட்டரை 24 சிறு மூச்சுகளாகப் பகுத்துப் பாருங்கள். முறைக்கு 250, வழியில் தங்குவது அதே 150, எஞ்சுவது 100. 24ஆல் பெருக்கினால் 2,400தான்! இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பில் பேச்சரவம் அடங்கிவிடும். மலைப்படி ஏறும் முதியோர் குறுமூச்சாக இரைக்காமல், சற்று நின்று நிதானமாக ஆழ்ந்து மூச்சிழுக்கட்டும் என நாம் கூறுவது இதனால்தான்.

ஓடும்போது ஆழம், விரைவு இரண்டும் பெருகும். தொடக்கத்தில் ஆழமே மிகுதியும் கூடும். வெளிமூச்சும் அப்போது உழைப்பாகிறது. வயிற்றுத் தசைகள் இறுகி உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன. நன்கு பயின்ற இளைஞர் கடும் ஓட்டத்தில் நிமிடத்திற்கு 100 லிட்டருக்கு மேலும் காற்றை இழுப்பதுண்டு. குருதியின் வாயு அளவு மாறுவதற்கு முன்பே, முதற் சில அடிகளிலேயே மூச்சு பெருகிவிடுவது வியப்பன்றோ? கால்களுக்குக் கட்டளையிடும் மூளையும், அசையும் தசைகளும் மூட்டுகளும் முகுளத்திலுள்ள மூச்சு மையத்தையும் அப்போதே தூண்டிவிடுகின்றன.

மூச்சை அடக்கினால் எழும் தவிப்பு பிராணவாயுக் குறைவால் வருவதென்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் அது குருதியில் கரியமில வாயு பெருகுவதால் வருவது. மூச்சின் அளவை ஆள்வது அவ்வாயுவே என்பதை 1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் இருவர் சோதனைகளால் நிறுவினர்.

கோடை விடுமுறைக்கு வந்த நம் பேரன், கிணற்றில் குதிக்குமுன் விரைவாகப் பதினைந்து இருபது முறை ஆழ்ந்து மூச்சிழுப்பதைக் கண்டோம். ஏனென்று கேட்டதற்கு, "மூச்சைச் சேமித்துக்கொள்கிறேன், பாட்டி" என்றான். நமக்கு நெஞ்சு பதறியது. குருதி ஓய்விலேயே ஏறக்குறைய முழு அளவு பிராணவாயுவைச் சுமந்துள்ளது. இவ்வாறு இரைப்பதால் அங்கே சேர்வது மிகச் சொற்பம். வெளியேறுவதோ கரியமில வாயு. படியேறுபவர் உடலில் அது இடைவிடாது பெருகிக்கொண்டிருப்பதால் ஆழ்ந்த மூச்சு அங்கே தேவை. கரையில் சும்மா நிற்பவனுக்கு அது தேவைக்கு மேற்பட்டது. நீருக்குள் சென்றபின் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். தவிப்பை எழுப்ப வேண்டிய கரியமில வாயுவோ உரிய அளவை எட்டியிராது. மேலே வர வேண்டும் என்று தோன்றுமுன்னரே நினைவு தப்பிவிடும். கைகால் உதறலும் இல்லை, கூச்சலும் இல்லை. கிணற்றடியில் நிற்கும் தோழர்கள், அவன் இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்றே எண்ணி எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பர்.