காட்டு வேலைக்கு ஏற்ற உடை: உழைப்போர் அறிய வேண்டியதும் நிர்வாகத்தினர் செய்ய வேண்டியதும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் செல்லும்போது இவ்வாக்கை மறவாத நாம், நாள்தோறும் பெரட்டுக்குப் புறப்படும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். கிழிந்தது, சாயம் போனது, வேறெதற்கும் உதவாதது எதுவோ அதுவே காட்டுச் சட்டை என்றாகிவிட்டது. ரப்பர் பால் பட்ட கறை துணியை விட்டுப் போகாது. ஆதலால் நல்ல துணியைப் பாழாக்க எவருக்கும் மனம் வருவதில்லை. பழைய துணியை உடுத்துவது குற்றமன்று. செய்யும் வேலைக்கு அது பொருந்துமா என்று எண்ணிப் பாராமல் உடுத்துவதுதான் தவறு.

கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இவ்வெண்ணம் மிகவும் தேவைப்படுகிறது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917ஆம் ஆண்டில், நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடவு தொடங்கிற்று. அதன்பின் பல பத்தாண்டுகளில் இவ்வட்டாரத்து ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி செம்பனைக்கு மாறிவிட்டது. எனவே, இன்று பால்மரம் சீவும் கை நாளை மருந்து அடிக்கவும், மறுநாள் பனங்குலை சுமக்கவும் நேரிடலாம். வேலை மாறும்போது ஆபத்தும் மாறுகிறது. ஆபத்து மாறினால் உடையும் மாற வேண்டும் அல்லவா?

பால்காட்டில்

விடியுமுன் மரம் சீவத் தொடங்குவது ஏன் என்பதை நாம் அறிவோம். வெயில் ஏறாத வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும்; பால் தாராளமாக வடியும். அந்த இருளில்தான் கொசுவும் அட்டையும் பாம்பும் நடமாடுகின்றன. ஆகவே, பால்காட்டு உடை உடலை மூட வேண்டும். அதே வேளையில் வியர்வையையும் வெளிவிட வேண்டும். இவ்விரண்டிற்கும் ஏற்றது தளர்வான, முழுக்கை வைத்த பருத்திச் சட்டையும் நீண்ட கால்சட்டையுமேயாகும். நம் தாய்மார்கள் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைக் கைலிக்கு மேல் அணிந்து, தலையில் துண்டு கட்டிச் செல்லும் வழக்கம் அனுபவத்தில் பிறந்த நல்ல வழக்கம். அதனுடன் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த சப்பாத்தும் சேர்ந்துவிட்டால் குறை நீங்கும். சிலிப்பர் அணிந்த காலுக்கு முள்ளிடமிருந்தும் பாம்பிடமிருந்தும் காவல் இல்லை. ஈரச் சரிவில் இரு கையிலும் பால் வாளியோடு வருபவருக்கு அது வழுக்கவும் செய்யும்.

ஸ்டோரில்

காட்டில் காக்கும் அதே உடை, பால் ஸ்டோரில் உயிருக்கு உலை வைக்கக்கூடும். ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரத்தின் உருளைகளுக்குக் கண் இல்லை. தொங்கும் துண்டின் நுனி, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல், கை வளையல் ஆகியவற்றில் எதைப் பற்றினாலும் அது கையையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். இங்கே உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கூந்தலை முடிந்து தொப்பிக்குள் அடக்க வேண்டும். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை ஊற்றுபவர்களுக்கு ரப்பர்க் கையுறையும், கண்ணாடியும், மார்பு முதல் முழங்கால் வரை மறைக்கும் ரப்பர் மேலாடையும் வேண்டும். அமிலத் துளி ஒன்று கண்ணில் பட்டாலே பார்வை போகக்கூடும்.

மருந்து அடிக்கும்போது

தோட்ட வேலைகளில் உடைக்கு மிகப் பெரிய சோதனை மருந்து அடிக்கும் வேலைதான். நம் நாட்டில் இவ்வேலையை நெடுங்காலமாகப் பெரும்பாலும் பெண்களே செய்து வந்துள்ளனர். "மருந்து" என்று நாம் அதை அழைப்பதாலேயே அது நஞ்சு என்பதை மறந்துவிடுகிறோம். பாராக்குவாட் என்னும் களைக்கொல்லியைக் கையாண்ட பலருக்கு நகம் கறுத்து விழுந்தது. மூக்கில் இரத்தம் வடிந்தது. அது உடலுக்குள் சென்றுவிட்டால் முறிக்க மருந்தில்லை. 2002ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதிக்க முடிவு செய்த அரசாங்கம், 2006இல் அம்முடிவைத் தளர்த்தியது. இறுதியாக, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து அது முற்றாகத் தடை செய்யப்பட்டது. எனினும், ஒரு நஞ்சு போயிற்றென்பதால் எல்லா நஞ்சும் போய்விடவில்லை. களைக்கொல்லிகள் இன்றும் முதுகில் ஏறித்தான் காட்டுக்குச் செல்கின்றன.

நஞ்சு வாய் வழியாக மட்டுமே உடலில் சேரும் என்று எண்ணுவது தவறு. தோல் வழியாகவும் அது உள்ளே புகும். தோம்பு கசிந்தால் முதுகும் இடுப்பும் நனையும். அடிவயிற்றின் கீழுள்ள மென்மையான தோல் உள்ளங்கைத் தோலைவிட மிக விரைவாக நஞ்சை ஏற்கும். ஆகவே கீழ்க்காண்பவற்றை மனத்தில் இருத்துங்கள்.

1. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பாகாது. துண்டு நனைந்ததும் நஞ்சை உதட்டருகிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். முறையான முகமூடியே வேண்டும்.

2. துணிக் கையுறை கூடாது. அது நஞ்சை உறிஞ்சிக் கையோடு ஒட்ட வைக்கும். ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறையை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றுமுன் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும்.

3. கால்சட்டையின் நுனியைச் சப்பாத்துக்குள் திணிக்கக் கூடாது. வெளியே விட்டால்தான் வழியும் நீர் காலுக்குள் இறங்காது.

4. மருந்தைக் கலக்கும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம். நீர் சேராத நஞ்சைக் கையாளும்போது கண்ணாடியும் மேலாடையும் கட்டாயம் வேண்டும்.

5. உடையில் நஞ்சு கொட்டிவிட்டால், வேலை முடியட்டும் என்று காத்திராமல், உடனே அதைக் களைந்து உடலைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வேலை முடிந்து வீடு திரும்பும் தாயைக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. தாயின் சட்டையில் உள்ளது குழந்தையின் கன்னத்தில் படுகிறது. அதே சட்டை குழந்தையின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறுகிறது. ஆகவே, மருந்து அடித்த உடையோடு வீட்டுக்குள் நுழையாதீர்கள். வேலையிடத்திலேயே குளித்து மாற்றுடை அணியுங்கள். அவ்வுடையைத் தனியாகத் துவையுங்கள்.

செம்பனைக் காட்டில்

குலை வெட்டும் இடத்தில் ஆபத்து மேலிருந்து வருகிறது. பழக்குலையும் முள் நிறைந்த மட்டையும் தலையில் விழுந்தால் துண்டு தாங்காது, தலைக்கவசம் வேண்டும். பனங்காட்டில் எலிகள் பெருகுவதால் அவற்றின் சிறுநீர் கலந்த ஈரத்தில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். காலில் புண் உள்ளவர் வெறுங்காலுடன் நடந்தால் அது எளிதில் உள்ளே நுழைந்துவிடும்.

சட்டம் கூறுவது

இவற்றையெல்லாம் யார் வாங்கிக் கொடுப்பது என்ற கேள்வி எழும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. தொழிலாளர்களின் பாதுகாப்பைக் கவனிப்பது முதலாளியின் கடமை என்கிறது 15ஆம் பிரிவு. இச்சட்டத்தின்படி வழங்கப்படும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. கொடுத்த பாதுகாப்பு உடையை அணிந்தே தீர வேண்டும் என்று 24ஆம் பிரிவு தொழிலாளியைப் பணிக்கிறது. 2024 ஜூன் முதல் நாளன்று நடப்புக்கு வந்த திருத்தம், கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியுள்ளது.

நிர்வாகத்தினர் கவனத்திற்கு

பொருளை வாங்கி ஸ்டோரில் அடுக்கி, கையொப்பம் பெற்றுக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. ஆண்களுக்கென அளவெடுத்த கையுறை பெண்ணின் கையில் நில்லாது. நில்லாத கையுறையை அவர் கழற்றியே வைப்பார். ஆளுக்கு ஒரு தொகுதி உடை மட்டும் கொடுத்தால், துவைத்தது உலராத நாளில் அவர் எதை அணிவார்? இரண்டு தொகுதி வேண்டும். ஓட்டை விழுந்த கையுறையை உடனே மாற்றித் தர வேண்டும். கழுவ நீரும், சோப்பும், உடை மாற்ற மறைவிடமும் வேண்டும்.

மற்றொன்று வெப்பம். காற்றுப் புகாத உடையோடு உச்சி வெயிலில் வேலை வாங்கினால், நஞ்சுக்குத் தப்பியவர் வெப்பத்தால் மயங்கி விழுவார். மருந்து அடிப்பதைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடித்துவிட வேண்டும். நிழலும் குடிநீரும் ஓய்வும் தர வேண்டும். "சொன்னாலும் இவர்கள் போடுவதில்லை" என்று குறைபடும் கங்காணியார், ஏன் போடவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக. இறுக்கம், புழுக்கம், பார்வை மறைத்தல் என ஏதேனும் ஒரு காரணம் இருக்கும். அதை நீக்கினால் உடை தானாகவே உடம்பில் ஏறும்.

தொழிலாள நண்பர்களே! நாளைக் காலை பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு கணம் நில்லுங்கள். இன்று எனக்கு எந்த வேலை? அதில் எதனால் ஆபத்து? என் உடை அதைத் தடுக்குமா? இம்மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். தடுக்காதெனில், தடுக்கும் உடையைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை; பெற்றதை அணிவது உங்கள் கடமை. விடியுமுன் புறப்பட்டவர் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்றுதானே ஒவ்வொரு குடும்பமும் காத்திருக்கிறது!