மஞ்சள் கடுதாசியை நம்பாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. கடை படுத்துவிட்டது, நாகமலை புதுக்கோட்டை வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பேங்க் கடனுக்கு இரண்டு மாதமாகத் தவணை கட்டவில்லை, பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்த யோசனையைச் சொன்னது யார், டீக்கடை வக்கீலா?

2016-இல் புதுத் திவால் சட்டம் வந்ததே என்பாய். வந்தது. அதில் உன்னைப் போன்ற தனி ஆளுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உனக்கு 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம்தான். அதன்படி மனுப் போட்டால் கைமாற்றுக் கொடுத்தவர்கள் திகைத்து நிற்பார்கள். அடமானம் பிடித்த பேங்க் நிற்காது, தன் வழியில் வீட்டை எடுக்கும்.

அதற்கு முன்னால் ஊர் நிலத்தைச் சம்சாரம் பேருக்கு மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பாதே. எழுதிக் கொடுத்த இரண்டு வருடத்துக்குள் நீ திவாலானால் அந்தப் பத்திரத்தையே கோர்ட் ரத்து செய்யலாம். வம்பில் அவளையும் ஏன் இழுக்கிறாய்?

பேங்க் எப்படி வரும் என்று கேள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் உன் கணக்கு வாராக்கடன். பிறகு 2002-ஆம் வருடச் சட்டப்படி நோட்டீஸ். கட்ட 60 நாள் அவகாசம். இங்கேதான் நீ தப்புப் பண்ணுவாய், உன்னைத் தெரியாதா? ரிஜிஸ்டர் தபாலை வாங்காமல் ஒளிந்துகொள்வாய். வாங்கு. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடு. 15 நாளில் பேங்க் பதில் சொல்லியாக வேண்டும். விட்டுவிட்டால் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி, இரண்டு பேப்பரில் போடுவார்கள். அதில் ஒன்று தமிழ்ப் பேப்பர், ஊரே படிக்கும். அதன்பிறகு 45 நாளுக்குள் மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல விளம்பரம் வருவதற்குள் முழுப் பாக்கியையும் கட்டினால் வீட்டை மீட்கலாம்.

"பெரிய ஆட்களுக்குக் கோடிக்கணக்கில் தள்ளுபடி செய்கிறானே?" அடுத்த கேள்வி இதுதானே? பேப்பரில் வருவதில் பெரும்பகுதி பேங்க் தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவைக்கிற கடன். கடன்காரன் கட்ட வேண்டியது அப்படியேதான் நிற்கும், வசூலும் நடக்கும். பெரிய ஆள் நல்ல வக்கீல் வைத்து இழுத்தடிப்பான் என்பது வேறு விஷயம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதனால் உன் வட்டி குறையாது.

மூன்றாவது மாதம் முடியுமுன் மேனேஜரைப் போய்ப் பார். தவணையை நீட்டித் தரச் சொல்லி எழுத்தில் கேள், நகலில் சீல் வாங்கு. முடியாதென்றால் ஒரே தடவையில் கட்டி முடிக்கும் சமரசத் திட்டம் உண்டா என்று விசாரி. ஆனால் அது சிபில் அறிக்கையில் ஏறும். திங்கட்கிழமையே போ. நான் வேண்டுமானால் கூட வருகிறேன்.

அன்புடன்,
மாமா