இயற்கைத் தோட்டத்துக்கு அரசு உதவி: கணக்குப் பார்த்து இறங்குவோம்



காய்கறி, பழம், கீரை, முருங்கை இதெல்லாம் மருந்தடிக்காம விளைவிச்சா அரசாங்கம் எக்டேருக்கு 31,500 ரூபாய் தருதாமே என்று பல குழுக்களில் கேட்கிறாங்க. அந்தத் தொகை உண்மைதான். ஆனால் அது முழுசும் நம்ம கைக்கு வரும் பணம் இல்லை. அதனால் இந்த மாதப் பாடத்தில் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

மத்திய அரசு 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு 'பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா' என்று பெயர். நம்ம ஊர் அலுவலகங்களில் பாரம்பரிய வேளாண்மை வளர்ச்சித் திட்டம் என்பார்கள். இது தனி ஆளுக்குத் தரும் மானியம் அல்ல. பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் சேர்ந்து குறைந்தது 20 எக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர், ஒரு தொகுப்பாக வரவேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 2 எக்டேர் வரைதான் உதவி. காலம் மூன்று வருஷம்.

இப்போது அந்த 31,500-ஐப் பிரிப்போம். 2022-23 முதல் உள்ள கணக்குப்படி விவசாயியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது 15,000 ரூபாய். இது இயற்கை இடுபொருளுக்கானது. மீதியில் 9,000 பயிற்சிக்கும் பதிவு வேலைகளுக்கும், 4,500 விற்பனை, சிப்பம் கட்டுதல் போன்றவற்றுக்கும், 3,000 சான்றிதழுக்கும் நஞ்சுப் பரிசோதனைக்கும் போகிறது. 15,000 என்பது ஒரு எக்டேருக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து. ஒரு எக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அப்படியானால் ஏக்கருக்கு வருஷம் சுமார் 2,000 ரூபாய்தான். அரை ஏக்கர் வைத்திருக்கும் உறுப்பினருக்கு வருஷம் 1,000 ரூபாய். தொழு உரம் விலைக்கு வாங்கினால் ஒரு டிராக்டரிலேயே கரைந்துவிடும் பணம் இது.

பின்னே எதுக்கு இந்தத் திட்டம் என்று கேட்பீங்க. பணத்தை விடப் பெரிய லாபம் சான்றிதழ். பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு உத்தரவாத முறையில் சான்று தருகிறார்கள். இதில் வெளியூர் ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போவதில்லை. குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்து குழு அமைத்து, உறுதிமொழி எடுத்து, ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும். நீங்க என் வயலைப் பார்த்தால் நான் உங்க வயலைப் பார்க்கக் கூடாது, வேறு ஒருத்தர்தான் பார்க்கணும் என்பது முறை. மாற்றுக் காலத்தில் 'பி.ஜி.எஸ். பசுமை' என்றும், அது முடிந்தபின் 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்' என்றும் சான்று கிடைக்கும். உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். வெளிநாட்டுக்கு அனுப்ப வேறு சான்று வேண்டும்.

கூட்டம், தீர்மானப் புத்தகம், ஒருத்தருக்கொருத்தர் பொறுப்பு இதெல்லாம் நமக்குப் பழகின வேலைதானே! ஆம்பளைங்க சங்கம் தடுமாறுகிற இந்த இடத்தில் மகளிர் குழு நன்றாகவே செய்யும் என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஒரு உறுப்பினர் ராத்திரியில் ரகசியமாக யூரியா போட்டால், கடனைக் கட்டாதவரால் குழுவுக்குக் கெட்ட பேர் வருவது போல, எல்லோருடைய சான்றும் கேள்விக்குள்ளாகும். பக்கத்து நிலத்துக்காரர் மருந்தடித்தால் காற்றிலும் வாய்க்கால் தண்ணீரிலும் நம்ம பக்கம் வரும். வரப்போரம் அகத்தியோ சோளமோ நெருக்கமாகப் போட்டுத் தடுப்பு வையுங்கள். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். களையெடுப்பது, தண்ணி கட்டுவது, காய் பறிப்பது எல்லாம் நாம். பட்டா யார் பேரில் இருக்கு? பெரும்பாலும் மாமனார் பேரில், இல்லை வீட்டுக்காரர் பேரில். விண்ணப்பத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கேட்பார்கள். பட்டாவில் யார் பேர் இருக்கோ அவருக்குத்தான் பணம் போகும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்தவருக்குக் காட்டக் காகிதமே இருக்காது. மாமனார் இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா மாற்றாமல் விட்ட வீடுகளில் யாருக்குமே கிடைக்காமல் போகும். ஆகவே விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் பேசுங்கள். வாரிசுப்படி பட்டா மாற்றம், கூட்டுப் பட்டாவில் உங்கள் பெயர், குத்தகை என்றால் எழுத்துப் பத்திரம். இதுக்கு அலைச்சல் உண்டு. ஆனாலும் ஒரு முறை உங்க பேர் ஏறிவிட்டால் சொட்டுநீர் உட்பட அடுத்து வரும் எந்தத் திட்டத்துக்கும் அது உதவும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்க்கு 75 சதவீதம். அதற்கு வட்டாட்சியரிடம் சிறு விவசாயி சான்று வாங்கவேண்டும். 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி, இரண்டரை ஏக்கருக்குள் என்றால் குறு விவசாயி.

நிலமே இல்லாத உறுப்பினர்கள் என்ன செய்வது? தொகுப்பில் உள்ளவர்களுக்கு இடுபொருள் வேண்டும். மண்புழு உரம், பஞ்சகவ்யா, வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரித்து விற்கலாம். தோட்டக்கலை இயக்கத்தின் 2014 விதிப்படி மண்புழு உரப் படுக்கைக்குப் பாதிச் செலவு, 8,000 ரூபாய் வரை உதவி இருந்தது. நிரந்தரக் கூடத்துக்கு 50,000 வரை. 2025-ல் விதிகளைத் திருத்தியிருப்பதால் இப்போதைய தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பயிர் விஷயத்தில் எடுத்ததும் கத்தரியில் போய் விழாதீங்க. காய்ப்புழு முதல் வருஷமே மனசை ஒடித்துவிடும். கீரை, முருங்கை, வாழை என்று தொடங்கி, மண் தேறியபின் கத்தரிக்குப் போகலாம். முதல் இரண்டு வருஷம் மகசூல் குறையலாம், விலையும் கூடுதலாகக் கிடைக்காது. அதனால் வீட்டுச் செலவுக்கு நம்பியிருக்கும் நிலம் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

நம்ம குழுவில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கிறது? பக்கத்துக் குழுக்களையும் சேர்த்தால் 50 ஏக்கர் தேறுமா? யார் நன்றாக எழுதுவார், பதிவேட்டை யார் பார்ப்பது? இந்த ஆண்டு நம் வட்டாரத்துக்கு இலக்கு உண்டா என்று கேட்டுவர இரண்டு பேரைத் தீர்மானத்தில் எழுதுங்கள். போகும்போது சிட்டா நகலைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.