தீராத அடிவயிற்று வலிக்கு லேப்ராஸ்கோப்பி: ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒரு முழுமையான வழிகாட்டி

மாதவிலக்கு வந்தால் எழுந்து நடக்க முடியாத பெண்ணிடம் “எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே”, “கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “ஒரு குழந்தை பெத்துட்டா போயிடும்” என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வலிக்குப் பின்னால் பல நேரங்களில் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் இந்த நோய். சினைப்பை, கருப்பைக்குப் பின்பக்கம், குடல், சிறுநீர்ப்பை என்று எங்கும் அது வளரலாம். அந்த இடங்களில் அழற்சி உண்டாகும், தழும்பு விழும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலி மாத்திரையில் அடங்காதபோது லேப்ராஸ்கோப்பி எனும் துளை ஆபரேஷனை டாக்டர் பரிந்துரைப்பார். ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அதனால் உங்களுக்கு எவ்வளவு பலன் என்பது, அதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்விகளையும் அதற்குப் பின் கிடைக்கும் ஓய்வையும் பொறுத்தது.

படி 1: எதற்காக ஆபரேஷன் என்று எழுதிவையுங்கள்

வலி குறைய வேண்டுமா, குழந்தை வேண்டுமா, இரண்டுமா? பதிலைப் பொறுத்து ஆபரேஷனே மாறும். சினைப்பையில் இருக்கும் ‘சாக்லேட் கட்டி’யை உரித்து எடுத்தால் வலி குறையலாம், கூடவே கருமுட்டை இருப்பும் குறையலாம். எனவே குழந்தைத் திட்டம் இருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே, அந்த இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

அடுத்து, இரண்டு மாதமாவது வலிக் குறிப்பு எழுதுங்கள். தேதி, வலியின் அளவு 0 முதல் 10 வரை, எந்த இடம், எப்போது (மாதவிலக்கிலா, மலம் கழிக்கும்போதா, தாம்பத்தியத்தின்போதா), என்ன மாத்திரை, அது கேட்டதா என்று குறியுங்கள். “ரொம்ப வலிக்குது டாக்டர்” என்பதைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் பேசும். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு முன்னேற்றம் என்று ஒப்பிடவும் இதுவே அளவுகோல்.

ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். மெல்லிய படிவுகள் ஸ்கேனில் தெரியாமலே போகும். நோயின் நிலை 1 முதல் 4 வரை பிரிக்கப்படுகிறது. அதற்கும் வலியின் கடுமைக்கும் நேர்த் தொடர்பு இல்லை. முதல் நிலையிலும் தாங்க முடியாத வலி வரும்.

படி 2: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட வருபவர் பதில்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

- படிவுகளை வெட்டி எடுப்பீர்களா, மேலாகப் பொசுக்குவீர்களா? ஏன்?
- குடலிலோ சிறுநீர்க் குழாயிலோ நோய் இருந்தால் அதற்கான நிபுணர் கூட இருப்பாரா?
- இதுபோன்ற ஆபரேஷன் நீங்கள் அடிக்கடி செய்வீர்களா?
- ஆபரேஷன் செய்யாமல் ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்தால் என்ன ஆகும்?
- வலி மீண்டும் வர எவ்வளவு வாய்ப்பு? அதைத் தள்ளிப்போட என்ன செய்வீர்கள்?

“கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். வெளியே இருக்கும் படிவுகளை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் அன்றே மெனோபாஸ் வந்துவிடும். இளம் வயதில் அது எலும்பையும் இதயத்தையும் பாதிக்கும். இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது உங்கள் உரிமை. முதல் டாக்டரை அவமதிப்பதாக அதற்கு அர்த்தம் இல்லை.

படி 3: ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுங்கள்

இந்தப் படியைப் பலரும் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள். 2008-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக இன்னொருவர் சம்மதிக்க முடியாது என்பதே அதன் சாரம்.

எனவே எதை எடுக்கச் சம்மதம், எதை எடுக்கச் சம்மதமில்லை என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். “உள்ளே பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்” என்று விட்டுவிடாதீர்கள். கணவரும் பெற்றோரும் துணை நிற்கலாம், முடிவு உங்களுடையது.

படி 4: ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்கள்

ரத்த அளவு: அதிக ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு ரத்தசோகை இருக்கலாம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதைச் சரிசெய்ய நேரம் வேண்டும். தேதி குறிக்கும்போதே பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மருந்துகள்: சாப்பிடும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கருத்தடை மாத்திரை ஆகியவற்றோடு சித்த மருந்து, நாட்டு மருந்து, லேகியம் எல்லாமே அந்தப் பட்டியலில் வர வேண்டும். எதை, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

பணம்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், இந்த ஆபரேஷன் இந்த மருத்துவமனையில் அதில் சேருமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள், முன் அனுமதி பெற நாள் பிடிக்கும். தனியார் பாலிசி என்றால் காத்திருப்புக் காலத்தைப் பாருங்கள். பல பாலிசிகளில் எண்டோமெட்ரியோசிஸுக்கு 2 ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

வீடு: சமையல், துணி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவற்றை இரண்டு வாரத்துக்கு யார் செய்வது என்று பெயர் போட்டு எழுதுங்கள். “பாத்துக்கலாம்” என்ற பதிலை ஏற்காதீர்கள்; ஏற்றால் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே அடுப்படிக்குள் நிற்க வேண்டிவரும். கைக்கு எட்டும் உயரத்தில் பாத்திரங்கள், தளர்வான நைட்டி, முடிந்தால் மேற்கத்தியக் கழிப்பறை ஆகியவற்றையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

படி 5: ஆபரேஷன் அன்று

வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தெளிந்த தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். பால் சேர்த்த காபியும் டீயும் திட உணவுக் கணக்கில்தான் வரும். உங்கள் மருத்துவமனை தரும் நேரமே இறுதி. நகப்பூச்சு, நகை, காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

முழு மயக்கம் கொடுத்து, கரியமில வாயுவால் வயிற்றை உப்பவைத்து, தொப்புளிலும் அடிவயிற்றிலும் மூன்று நான்கு சிறு துளைகள் போடுவார்கள். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபடி படிவுகளை அகற்றுவார்கள். நோயின் ஆழத்தைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகும், நான்கைந்து மணி நேரமும் ஆகும். வெளியே காத்திருப்பவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கண் விழிக்கும்போது தொண்டை கரகரக்கும், குமட்டும், சிறுநீரை வெளியேற்றச் செருகிய குழாய் இருக்கலாம். தோள்பட்டையில் ஒரு விசித்திரமான வலி வரும். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அது தோளில் உணரப்படுகிறது. பயப்பட வேண்டாம், எழுந்து நடக்க நடக்க ஓரிரு நாளில் குறையும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, படங்கள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பயாப்ஸி (எடுத்த திசுவின் பரிசோதனை) முடிவு எப்போது வரும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த டாக்டரைப் பார்த்தாலும் இவை வேண்டும்.

படி 6: முதல் வாரம்

வலி மாத்திரையை வலி ஏறும்வரை காத்திருந்து போடாதீர்கள். முதல் சில நாட்கள் டாக்டர் சொன்ன நேரப்படி போடுங்கள். பாராசிட்டமால் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், கவனம்.

ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், பத்தியம் என்று வெறும் ரொட்டியும் பாலும் கொடுப்பதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. இது நல்லதல்ல. வலி மாத்திரையும் படுக்கையும் ஏற்கெனவே மலச்சிக்கலைக் கொண்டுவரும். முக்கினால் வலி இரட்டிப்பாகும். நிறையத் தண்ணீர், மோர், ரசம் சாதம், இட்லி என்று தொடங்குங்கள். பசி வந்ததும் பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் சேருங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். தேவைப்பட்டால் மலமிளக்கி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பெரும்பாலும் ஓரிரு நாளில் குளிக்க அனுமதிப்பார்கள். காயத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதையும் அதில் வைக்காதீர்கள். இருமும்போதும் தும்மும்போதும் சிறு தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள். எழும்போது ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு நாளில் பல முறை மெதுவாக நடங்கள். காலில் ரத்தம் உறைவதை அது தடுக்கும்.

இவை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்

- 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்
- நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயிற்று வலி கூடுவது, வயிறு உப்பிக் கல்லாவது, தொடர் வாந்தி
- சிறுநீர் போகாமல் இருப்பது, விலாப்பக்க வலி, பிறப்புறுப்பில் தண்ணீர்போல் கசிவது
- ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, துர்நாற்றமுள்ள கசிவு
- காயத்தில் சீழ், பரவும் சிவப்பு
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல்

குடலில் ஏற்பட்ட காயம் சில நாட்கள் கழித்தும் வெளிப்படலாம். “ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்” என்று யார் சொன்னாலும் இந்தப் பட்டியலை நம்புங்கள்.

படி 7: இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை

சிறிய ஆபரேஷன் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஆழமான நோயை அகற்றியிருந்தாலோ, கர்ப்பப்பை எடுத்திருந்தாலோ 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இட்லி மாவுப் பாத்திரம் தூக்குவது வேண்டாம். திடீர் பிரேக் போட்டாலும் வலிக்காது என்ற நிலை வந்த பிறகே ஸ்கூட்டர் ஓட்டுங்கள்.

தாம்பத்திய உறவுக்குச் சிலருக்குச் சில வாரங்கள், கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு 6 முதல் 8 வாரம் காத்திருக்கச் சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், கணவரையும் அந்த ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள். முதல் மாதவிலக்கு வழக்கத்தைவிட அதிகமாகவும் வலியோடும் வரலாம். அதை மட்டும் வைத்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 8: வலி தொடர்ந்தால், திரும்பினால்

எண்டோமெட்ரியோசிஸ் நீண்ட கால நோய். ஆபரேஷனுக்குப் பிறகும் திரும்பலாம். உடனே குழந்தைத் திட்டம் இல்லாதவர்களுக்கு டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரையோ, ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமோ அதைத் தள்ளிப்போட உதவும். இடைவிடாத ரத்தக் கறை, மனச் சோர்வு போன்ற பக்க விளைவுகள் வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்பவர்கள் எவ்வளவு காலம் முயல்வது, எப்போது அடுத்த கட்டத்துக்குப் போவது என்பதை முதல் செக்கப்பிலேயே பேசிவிடுங்கள்.

படிவு முழுதும் போன பிறகும் சிலருக்கு வலி நிற்காது. பல ஆண்டு வலியில் நரம்பு மண்டலம் அபாய மணியைச் சட்டென்று அடிக்கப் பழகியிருக்கும். இடுப்புத் தள தசைகள் இறுகிப்போயிருக்கும். அந்த வலி கற்பனை அல்ல, அதற்கும் வைத்தியம் உண்டு. இடுப்புத் தள பிசியோதெரபி, நரம்பு வலிக்கான மருந்துகள், ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவை சேர்ந்து உதவும். இறுகிய தசையை மேலும் இறுக்கும் பயிற்சிகளை யூடியூப் பார்த்துத் தொடங்க வேண்டாம். முதலில் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்டைத் தேடுங்கள்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வலிக் குறிப்பை மறுபடி எழுதுங்கள். 9 ஆக இருந்த வலி 4 ஆகி, வேலைக்குப் போகாத நாட்கள் குறைந்திருந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. எண் குறையவில்லை என்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் திரும்பிப் போய், அடுத்து என்ன என்று கேளுங்கள். பொறுத்துக்கொண்டது போதும், பதில் கிடைக்கும்வரை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.