ஓட்டை மாற்றினால் ஒழுக்கு நிற்குமா?

பாலக்காடு கல்பாத்தி அக்கிரகாரத்தில் வீடுகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு வீட்டின் பக்கச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஓட்டுக்கூரையும் வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகும். இடுக்கி மலையில் மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் லயங்களும் அப்படித்தான். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட நீளக் கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். இரண்டு இடத்திலும் கூரையை மாற்றும் பேச்சு எழுந்தால், தனி வீட்டுக்குப் பொருந்தும் யோசனைகளைத்தான் ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

“ஓடு பழசாகிவிட்டது, அதுதான் ஒழுகுகிறது” என்பது முதல் நம்பிக்கை. அநேகமாகத் தவறு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு பரவிய சீமை ஓடு, நன்றாகச் சுட்டதாக இருந்தால் நூறு ஆண்டுகூடத் தாங்கும். விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல ஓடு, பொத்தென்றால் விரிசல். கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும் மரம். ரீப்பர் வளைந்தால் ஓடுகளின் பூட்டு விலகி, காற்றோடு வரும் சாரல் உள்ளே புகும். கைமரம் சுவர்மேல் உட்காரும் இடத்தில் ஈரம் தங்கி, மரம் உள்ளுக்குள்ளே உளுத்துப்போகும். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் இது தெரியாது. மச்சில் ஏறி, டார்ச் அடித்து, திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். அது தடையில்லாமல் இறங்கினால் மரம் போயிற்று. முற்றத்தைச் சுற்றி இரு சரிவுகள் கூடும் பள்ளத்தில் பதித்த தகரத்தையும் பாருங்கள். பல வீடுகளில் துருப்பிடித்த அந்த ஒரு தகரம்தான் குற்றவாளி.

சொட்டும் இடமும் நம்பத் தகுந்ததல்ல. தண்ணீர் மேலே எங்கோ புகுந்து, கைமரத்தின் அடிப்பக்கமாக ஓடி வந்து கீழே சொட்டும். பொதுச் சுவர் வழியாக இறங்கினால் புகுந்த இடம் பக்கத்து வீட்டுக் கூரையாகவே இருக்கலாம். அந்த வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் போடும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான்.

முழுக்கூரையையும் இறக்கியே ஆக வேண்டும் என்பவரிடம், இறக்கிய ஓடு யாருக்கு என்று கேட்டு வையுங்கள். பழைய ஓட்டுக்கு விடுதி கட்டுகிறவர்களிடம் நல்ல கிராக்கி! புது ஓட்டை இடையிடையே சொருகுவதும் சரிவராது. ஆலைக்கு ஆலை அளவு மாறும், பூட்டு சேராது. நல்ல பழைய ஓடுகளையெல்லாம் தெருப்பக்கச் சரிவுக்கு ஒதுக்கிவிட்டு, பின்சரிவு முழுவதற்கும் புதியதைப் போடுவது மேல்.

“கான்கிரீட் போட்டுவிட்டால் நிம்மதி.” இது இன்னும் ஆபத்தானது. சீமை ஓட்டின் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ; நான்கு அங்குலக் கான்கிரீட்டுக்கு ஏறக்குறைய 250 கிலோ. மண் சாந்திலோ சுண்ணாம்பிலோ எழுப்பிய சுவர் அந்தப் பாரத்துக்காகக் கட்டப்பட்டதல்ல, அதே சுவரில்தான் அடுத்த வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் தளமும் அவர்கள் ஓடும் சந்திக்கும் கோடு ஒவ்வொரு மழைக்கும் ஒழுகும். பாலக்காட்டு மார்ச் வெயிலில் அந்தத் தளத்தின் கீழே படுப்பது வேறு கதை. போதாததற்கு, கல்பாத்தி பாரம்பரியக் கிராமம் என்று அறிவிக்கப்பட்ட இடம். முகப்பையோ கூரை வடிவத்தையோ மாற்ற நினைப்பவர் வேலைக்காரரை அழைக்கும் முன் நகராட்சியில் அனுமதி பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

லயத்தில் நிலைமை வேறு. அங்கே கூரை குடியிருப்பவருடையதல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பைக் கொடுத்துப் பராமரிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. நடு வீட்டுக்கு மட்டும் ஷீட் மாற்றினால், பழைய ஷீட்டின் அலையும் புதியதன் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படியாது. காற்று அந்த விளிம்பில்தான் முதலில் கைவைக்கும். “ஆஸ்பெஸ்டாஸ் இத்தனை வருஷம் ஒன்றும் செய்யவில்லையே” என்பார்கள். உடையாமல் கிடக்கும்வரை அதிலிருந்து இழை அதிகம் பறக்காது. சுத்தியலால் தட்டி இறக்கும் நாளில்தான் பறக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். குழந்தைகள் அன்று அங்கே இருக்கக் கூடாது. லயங்களுக்குக் கூரையைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களையே கொண்டுபோனபோது 70 உயிர்கள் போயின. எந்தக் கூரையும் அதைத் தடுத்திருக்காது. சரிவின் அடியில் இருக்கும் லயத்துக்குக் கூரையை மாற்றுவதா, இடத்தையே மாற்றுவதா என்பதை முதலில் பேச வேண்டும்.

“மழைக்கு முன்னால் மே மாதம் செய்தால் போதும்” என்பது கடைசி நம்பிக்கை. கோடைமழை ஏப்ரலிலேயே இடியோடு வந்துவிடும், ஜூன் தொடக்கத்தில் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை. இறக்கிய கூரையோடு அதில் மாட்டினால் மச்சு மரமும் சுவரும் ஊறிப்போகும். ஒழுக்கை ஜூலை மழையில் பார்த்துச் சுவரிலேயே கரியால் குறித்து வையுங்கள். வேலையைத் துலாமழை என்னும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் மாதங்கள் அவை என்பதால், ஒரு நாளில் மூடி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே ஓட்டை இறக்கச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி வேண்டுமென்றால் நவம்பரில் கல்பாத்தித் தேர் முடிந்த கையோடு சொல்லி வைக்க வேண்டும்.