தடையற்ற மின்னோட்டம்

கோயில்களுக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற நகரம் காஞ்சிபுரம். அந்நகரத்து நெசவாளர் தறியில் அமர்ந்து பட்டு நெய்யும்பொழுது, ஊடை இழை ஒரு பாவிழையின் மேலாகவும், அடுத்ததன் கீழாகவும் செல்கின்றது. அடுத்து வரும் ஊடையோ அதற்கு நேர்மாறாக ஓடுகின்றது. ஆகவே, இழைகள் கூடும் ஓரிடத்தில் ஊடை மேலே நின்றால், அதனைச் சூழ்ந்த நான்கு இடங்களிலும் அது கீழே நிற்கும். இம்மாற்று ஒழுங்கே துணிக்கு உறுதி தருவது.

இத்தகைய நெசவு இயற்கையிலும் உண்டு. லாந்தனம், செம்பு, ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த கூட்டுப்பொருள் ஒன்றில், செம்பணுக்கள் சதுரக் கட்டங்களின் மூலைகளில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்ணிய காந்தம் ஆகும். ஒன்று ஒரு திசையை நோக்கினால், அதன் அண்டை அணுக்கள் எதிர்த்திசையை நோக்கும். ஒன்றின் வலிமையை மற்றொன்று ஈடுசெய்வதால், அப்பொருள் இரும்பைக் கவர்வதில்லை. எலெக்ட்ரான்கள் தத்தம் இடத்திலேயே கட்டுண்டு கிடப்பதால், அதில் மின்சாரமும் பாய்வதில்லை.

மின்சாரமே பாயாத இப்பொருள் தடையே இல்லாத மின்னோட்டத்திற்கு வழிகாட்டியது வியப்பன்றோ?

கம்பியின் வழியே மின்சாரம் செல்லுங்கால், கம்பி சூடேறி ஆற்றலில் ஒரு பகுதி வீணாகின்றது. 1911ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் காமர்லிங் ஓன்ஸ், பாதரசத்தைச் சுழிக்குக் கீழ் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்தார். அப்பொழுது அதன் மின்தடை அறவே மறைந்தது. இந்நிலைக்கு மீக்கடத்தல் என்பது பெயர். வலிய காந்தப்புலம் இந்நிலையை அழித்துவிடும். ஆதலின், காந்தமும் மீக்கடத்தலும் கீரியும் பாம்பும் போன்றவை என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். அன்றியும், அத்துணைக் குளிர்ச்சிக்கு வேண்டிய திரவ ஹீலியம் விலை மிக்கது.

1986ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகருக்கு அருகே பெட்நார்ஸ், முல்லர் என்னும் இருவர், மேற்கூறிய பொருளில் லாந்தனத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பேரியத்தைச் சேர்த்து ஆராய்ந்தனர். அதனால் செம்பணுத் தளத்தில் எலெக்ட்ரான்கள் சில குறைந்தன. காந்த ஒழுங்கு குலைந்தது; கட்டுண்டு கிடந்த எலெக்ட்ரான்கள் நகரத் தொடங்கின. சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 240 டிகிரியிலேயே மீக்கடத்தல் தோன்றியது! மறு ஆண்டே அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். அதே 1987இல், அமெரிக்காவில் சூ, வூ என்போரின் குழுவினர் இட்ரியம் கலந்த செம்புக் கூட்டுப்பொருளில், சுழிக்குக் கீழ் 180 டிகிரியிலேயே அந்நிலையைக் கண்டனர். இதற்கு மலிவான திரவ நைட்ரஜனே போதும்.

இதன் காரணம் யாது? மீக்கடத்திகளில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து செல்கின்றன. பாதரசம் போன்ற உலோகங்களில் அணுக்களின் அதிர்வே அவற்றை இணைக்கின்றது என்பது 1957இல் விளக்கப்பட்டது. செம்புக் கூட்டுப்பொருள்களில் எதிரெதிராக நிற்கும் அண்டைக் காந்தங்களே இணைகளாகின்றன என்றும், எலெக்ட்ரான்கள் சில குறைந்தவுடன் அவ்விணைகள் விடுதலை பெற்று ஓடுகின்றன என்றும் 1987இல் அமெரிக்க அறிஞர் ஆண்டர்சன் கூறினார். அவருடன் சேர்ந்து இக்கொள்கையை வளர்த்தவருள் ஒருவர், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் ஆராய்ச்சி நடத்திய ஜி. பாஸ்கரன் ஆவார். பகையென எண்ணப்பட்ட காந்தமே தாயாக இருக்கலாம் என்னும் இக்கருத்தை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். முடிவான விடை இன்னும் கிடைத்திலது.

அவ்விடை கிடைப்பின், குளிர்விக்கவே வேண்டாத மீக்கடத்தியைத் தேடுவோர்க்கு அது வழிகாட்டக்கூடும். நாட்டின் மின்கம்பிகளில் வீணாகும் ஆற்றலைக் காக்கவும், மருத்துவமனைகளிலுள்ள பெருங்காந்தக் கருவிகளின் செலவைக் குறைக்கவும் அத்தகைய பொருள் உதவும்.

இழையொன்று விடுபட்டால் நெசவாளர் அதனைப் பிழை என்பர். செம்பணுக்களின் நெசவிலோ, விடுபட்ட இடமே பயன் தருகின்றது. ஒழுங்கை மட்டுமன்றி, ஒழுங்கு குலையும் இடத்தையும் கூர்ந்து நோக்குபவனே அறிவியலில் புதியது காண்கின்றான்.