எடுத்த இடத்தைச் சொல்லுதல்

ஹதீஸ் கிதாபைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஸனது. இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வரை போய்ச் சேரும் சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்தாலும் ஹதீஸின் தரம் இறங்கிவிடும். இவ்வளவு பேணுதலை உலகுக்குக் காட்டிய சமுதாயத்தின் பிள்ளைகள், யாரோ எழுதியதை வரி பிசகாமல் எடுத்துத் தம் பெயரைப் போட்டு மீலாது கட்டுரைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். பரிசு வந்தால் மகிழும் பெற்றோர் பலர், எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பதில்லை.

மதரஸாக்களில் ஓதப்படும் ஜலாலைன் தஃப்ஸீரின் ஆசிரியர் இருவரில் ஒருவர் இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 911, கி.பி. 1505). அவர்கள் காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்தவர்கள் இமாம் கஸ்தல்லானி (ரஹ்) அவர்கள். புகாரிக்கு விரிவுரையும், நாயகத்தின் வரலாறாகிய 'மவாஹிபுல் லதுன்னிய்யா'வும் எழுதியவர்கள். தம் கிதாபுகளிலிருந்து எடுத்துக்கொண்டு அதைச் சொல்லாமல் விடுகிறார் என்று ஸுயூத்தி அவர்கள் குறைப்பட்டு, ஷைகுல் இஸ்லாம் ஜகரிய்யா அன்ஸாரி (ரஹ்) அவர்களிடம் முறையிட்டார்கள். கஸ்தல்லானி பல இடங்களில் பைஹகீயின் பெயரைப் போடுகிறார், பைஹகீக்குப் பல கிதாபுகள் உண்டு, எதில் கண்டார்? என் நூலில் பார்த்தவர், பைஹகீ கூறியதாக ஸுயூத்தி எழுதினார் என்றல்லவா எழுத வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

பெயரே போடவில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. பார்த்த இடத்தை விட்டுவிட்டு, பார்க்காத இடத்தைச் சொன்னார் என்பதே.

பின்னர் கஸ்தல்லானி அவர்கள், ஸுயூத்தி அவர்கள் தனித்திருந்த ரவ்ளாவுக்கு வெறுங்காலுடன் நடந்தே போய்க் கதவைத் தட்டி, தங்கள் மனம் என்மீது தெளிய வேண்டும் என்று கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தெளிந்துவிட்டது என்று உள்ளிருந்தே பதில் வந்ததாம், கதவு திறக்கவில்லை. திறந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். பெரியோர்கள் விஷயத்தில் நாம் நுழைவானேன்! மனிதரின் ஹக்கு தவ்பாவினால் மட்டும் நீங்காது, உரியவரும் பொறுக்க வேண்டும் என்பது மார்க்கம். அவர்கள் வாசல் தேடிப் போனது அதனால்தான் போலும்.

இதை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? தமிழ் நூல் ஒன்றில் பார்த்த ஹதீஸை எழுதிவிட்டு, 'ஆதாரம்: புகாரி' என்று போடுகிறான் மாணவன். அவன் புகாரியைத் திறந்தே பார்த்ததில்லை. அந்தத் தமிழ் நூலின் பெயர், ஆசிரியர், பக்கம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால், தேடுகிறவருக்கு அது எங்கே நேர்ந்தது என்று தெரியும். பயானில் கேட்டதானால் கேட்டதாகவே எழுதட்டும்.

பெயரைச் சொல்லிவிட்டால் போதும், முழு நூலையும் பிரதி எடுத்துப் பரப்பலாம் என்று நினைப்போரும் உண்டு. கைப்பேசியில் அது நொடி வேலை. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலாசிரியரின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை உண்டு. சொந்தப் படிப்புக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுக்கலாம். பாடம் நடத்துவதற்கும் விலக்கு உண்டு. மவாஹிபின் அரபி மூலத்தைப் பிரதி எடுக்க இன்று எவர் அனுமதியும் வேண்டாம். ஆனால் அண்மையில் வந்த அதன் மொழிபெயர்ப்பு, பெயர்த்தவருடையது. பிரதி உரிமைக்குத் தவணை உண்டு. பெயரைச் சொல்லும் கடமைக்குத் தவணை இல்லை.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். படிக்கும் நூலின் விவரத்தை முதலில் குறிக்கட்டும். பிறகு நூலை மூடி வைத்துவிட்டுத் தன் சொல்லில் எழுதட்டும். அப்படியே எடுத்த வரியை மேற்கோள் குறிக்குள் வைக்கட்டும். இதனால் மதிப்பெண் குறையுமோ என்று அஞ்சும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பெற்றோர் ஆசிரியரிடம் முன்னதாகவே ஒரு வார்த்தை பேசி வைப்பது நல்லது.